போகிறவர் கட்டும் வரி, இருக்கிறவர் போடும் சண்டை

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஒரு பெரிய ஓட்டலில் இரவுக்கு 200 டாலர் வாடகையில் அறை எடுத்தால், கிளம்பும்போது கையில் தரும் பில்லில் அந்த 200-க்குக் கீழே நான்கு தொகைகள் அடுக்கப்பட்டிருக்கும். மாநில அரசுக்கு 6 சதவீதம், 12 டாலர். நகராட்சிக்கு 9 சதவீதம், 18 டாலர். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்துக்கு 1.75 சதவீதம், மூன்றரை டாலர். நூறு அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல் என்றால் சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம் 1.25 சதவீதம், இரண்டரை டாலர். ஆக மொத்தம் 36 டாலர். கவுண்டியின் பங்கு மட்டும் 2025 இறுதியில் நடந்த ஒரு வாக்கெடுப்புக்கு முந்தைய கணக்கு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்த 36 டாலரை எல்லா வரிகளையும் போன்ற வரி என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் விஷயம் வேறாகத் தெரியும். நகராட்சியின் 9-இல் 7 சதவீதம் அடிப்படை வரி. ஊரை விளம்பரப்படுத்துவது, மாநாட்டு மையத்தை நடத்துவது, கலை நிறுவனங்களுக்கும் பழைய கட்டடங்களைக் காப்பதற்கும் நிதி தருவது ஆகியவற்றுக்கு அது போகிறது. மீதி 2 சதவீதம், மாநாட்டு மையத்தை விரிவாக்க வாங்கிய கடனை அடைப்பதற்கென்றே போட்டது. கவுண்டியின் பங்கு, 1999-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கூடைப்பந்து அரங்கத்தில் தொடங்கி, 2008-இல் ஆற்றங்கரைச் சீரமைப்புக்கும் கலையரங்குக்கும் நீண்டது. கடைசி 1.25 சதவீதம் சட்டப்படி வரியே இல்லை. ஓட்டல்காரர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு 2019 முதல் தங்கள் மேல் தாங்களே போட்டுக்கொண்ட கட்டணம் அது.

ஆக, சாலை போடவும் போலீஸ் சம்பளத்துக்கும் இந்தப் பணத்தில் பெரும்பாலும் இடமில்லை. பணம் வசூலாகும்போதே அதன் மூக்கில் கயிறு போட்டாகிவிட்டது. அமெரிக்காவில் உள்ளூர் விடுதி வரியின் கதை முழுக்க அந்த மூக்கணாங்கயிற்றை யார் பிடிப்பது என்ற சண்டைதான்.

கயிறு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வரி எவ்வளவு சுலபமானது என்று பார்க்க வேண்டும். வீட்டு வரியை அரை சதவீதம் ஏற்றினால் அடுத்த தேர்தலில் நகர மன்ற உறுப்பினர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடுதி வரியைக் கட்டுகிறவர் வியாழக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பிவிடுகிறவர். அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. பில்லைப் பார்த்து முகம் சுளிப்பார். அதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். டெக்சஸ் சட்டம் இதை இன்னும் துல்லியமாக்குகிறது: தொடர்ச்சியாக 30 நாள் தங்குகிறவர் ‘நிரந்தரவாசி’ ஆகிவிடுகிறார், அவருக்கு வரி கிடையாது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று பரிமாற இதைவிடத் தோதான பணம் ஓர் உள்ளாட்சிக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட வரியை ஏற்றிக்கொண்டே போகும் ஆசையும் கூடவே வரும்.

ஓட்டல் உரிமையாளர்கள் இதை முதலிலேயே கண்டுகொண்டார்கள். வரி வேண்டாம் என்று எதிர்த்து நின்றால் தோற்போம், வரட்டும், ஆனால் அந்தப் பணம் எங்கள் அறைகளை நிரப்பவே திரும்பி வர வேண்டும் என்று பேரம் பேசினார்கள். லாஸ் வேகஸ் இதற்கு ஆரம்பகால உதாரணம். 1950-களில் அங்கே வார இறுதியில் அறை கிடைக்காது. வார நாட்களிலும் டிசம்பரிலும் தாழ்வாரங்கள் காற்று வாங்கும். சூதாட வருகிறவர் சனி, ஞாயிறு பார்த்து வருவார். செவ்வாய்க்கிழமை வரவேண்டும் என்றால் அலுவல் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உருவாக்குவதற்கென்றே 1955-இல் நெவாடா சட்டமன்றம் அறை வரியில் இயங்கும் ஒரு வாரியத்தை அமைத்தது. 1959-இல் மாநாட்டு மையம் திறந்தது. பல் மருத்துவர்களும் கட்டுமான இயந்திர வியாபாரிகளும் வாரநாட்களில் வந்து அறைகளை நிரப்பினார்கள். அறை நிரம்பியது, வரி பெருகியது, அந்த வரியில் மையம் மேலும் வளர்ந்தது. இன்று அந்த வாரியத்தின் வாரிசான அமைப்புதான் நகரத்தின் விளம்பரம் முழுவதையும் நடத்துகிறது.

இதன் பின்னால் உள்ள பொருளாதாரத் தர்க்கம் நேர்மையானது என்றே சொல்வேன். ஒரு மலைநகரத்தில் ஐம்பது ஓட்டல்கள் இருக்கின்றன. ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று ஒரே ஒரு ஓட்டல் செலவு செய்து விளம்பரம் கொடுத்தால், வந்த கூட்டம் ஐம்பது ஓட்டல்களுக்கும் பிரிந்துபோகும். செலவு ஒருவருக்கு, லாபம் எல்லோருக்கும். அதனால் எவரும் ஊருக்காக விளம்பரம் செய்ய மாட்டார்கள். அவரவர் தங்கள் அறை வாடகைத் தள்ளுபடியை மட்டும் கூவுவார்கள். எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் வசூலித்து ஊரின் பெயரில் செலவழிப்பது இந்த முடிச்சை அவிழ்க்கிறது.

அவிழ்ந்த முடிச்சு மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓட்டல்காரர்கள் சலிக்காமல் சொல்லும் கதை கொலராடோவுடையது. அந்த மாநிலம் 1983 முதல் தங்கும் இடம், உணவு, பனிச்சறுக்குக் கட்டணம் ஆகியவற்றின் மேல் மிகச் சிறிய வரி ஒன்றைப் போட்டு, ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலரைச் சுற்றுலா விளம்பரத்துக்குச் செலவழித்துவந்தது. 1993-இல் அதை நீட்டிக்கலாமா என்று வாக்காளர்களைக் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். பட்ஜெட் ஒரேயடியாகப் பூஜ்யம் ஆனது. மாநில அளவில் சுற்றுலா விளம்பரமே இல்லாத ஒரே அமெரிக்க மாநிலமாக கொலராடோ நின்றது. இரண்டே ஆண்டுகளில் உல்லாசப் பயணச் சந்தையில் அதன் பங்கு 30 சதவீதம் சரிந்தது. கோடை வாசஸ்தலங்களின் வரிசையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் பதினேழாம் இடத்துக்கு இறங்கியது. 2000-இல்தான் சட்டமன்றம் மனம் மாறி மறுபடி பணம் ஒதுக்கியது.

இந்தக் கதையை நான் முழுதாகத் தள்ளவில்லை, முழுதாக விழுங்கவும் இல்லை. இந்த எண்களைத் தந்தது, சுற்றுலா வாரியங்களுக்கு ஆய்வு செய்துகொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். விளம்பரம் நின்றதும் பயணிகள் குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன என்பது உண்மை. குறைந்தவை முழுக்க அதனால்தானா என்பது வேறு கேள்வி. ஒன்று மட்டும் உறுதி: முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, எந்த ஊரில் விடுதி வரியை வேறு வேலைக்குத் திருப்பலாம் என்ற பேச்சு வந்தாலும் ‘கொலராடோவைப் பாருங்கள்’ என்று யாராவது எழுந்து நிற்கிறார்கள்.

கயிறு நடைமுறையில் எப்படி இழுபடுகிறது என்பதற்கு டெக்சஸின் சிறு நகரங்கள்தான் நல்ல பாடம். அங்கே வரிச் சட்டத்தில் இரண்டு வாசல்கள். முதல் வாசல்: செலவு எதுவானாலும் அது சுற்றுலாவையும், கூடவே ஓட்டல் அல்லது மாநாட்டுத் தொழிலையும் நேரடியாக வளர்க்க வேண்டும். சுற்றுலாவை மட்டும் வளர்த்தால் போதாது. கட்டில் நிரம்ப வேண்டும். இரண்டாம் வாசல்: சட்டம் பட்டியலிட்ட ஒன்பது இனங்களில் ஒன்றில் அந்தச் செலவு அடங்க வேண்டும். மாநாட்டு மையம், மாநாட்டுக்கு வருகிறவர்களின் பதிவு ஏற்பாடு, விளம்பரம், கலை, வரலாற்றுச் சின்னங்கள், விளையாட்டுப் போட்டிகள், சில விளையாட்டு வசதிகள், பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டி, வழிகாட்டிப் பலகை. இவற்றுக்குள் வராத எதுவும் செல்லாது. பெரிய நகரங்களில் கலைக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் தலா 15 சதவீதம் என்று உச்சவரம்பும் உண்டு.

இப்போது ஒரு சிறிய ஊரின் நகர மன்றக் கூட்டத்தைக் கற்பனை செய்துபாருங்கள். ஒருவர் ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கைக்குப் பணம் கேட்கிறார். உடனே கேள்வி வரும்: பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் இரவு தங்குவார்கள்? ஊர்க்காரர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற நிகழ்ச்சி என்றால், அது எவ்வளவு கோலாகலமாக இருந்தாலும் முதல் வாசலைத் தாண்டாது. இன்னொருவர் இளைஞர் மென்பந்துப் போட்டிக்குக் கேட்கிறார். நாற்பது அணிகள், ஒவ்வொன்றோடும் பெற்றோர், இரண்டு இரவு. ஓட்டல்களில் முன்பதிவு செய்த அறைகளின் எண்ணிக்கையும் கையில் இருக்கிறது. இவருக்குப் பணம் கிடைக்கும். மூன்றாமவர் பூங்காவில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் கேட்கிறார். ஒன்பது இனங்களில் ஊஞ்சல் இல்லை. தீயணைப்பு வண்டியும் இல்லை, உடைந்த நடைபாதையும் இல்லை. மென்பந்துப் போட்டிக்கு வந்த கூட்டம் அந்த நடைபாதையில்தான் தடுக்கி விழப்போகிறது என்பது சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இந்த விதி தலைகீழாகப் போன இடமும் உண்டு. 2010-ஐ ஒட்டி தெற்கு டெக்சஸில் ஷேல் எனப்படும் பாறை அடுக்குகளில் எண்ணெய் வேட்டை தொடங்கியபோது, கோட்டுலா போன்ற, குக்கிராமத்தைவிடச் சற்றே பெரிய ஊர்களில் ஓட்டல்கள் அடுத்தடுத்து எழும்பின. தங்கியவர்கள் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள். ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. அவர்களின் கனரக லாரிகள் சாலைகளைக் குதறிப் போட்டன. அவர்கள் கட்டிய அறை வரியைக் கொண்டு அந்தச் சாலைகளைச் செப்பனிட முடியாது. சுற்றுலாவை வளர்க்கத்தான் முடியும். சுற்றுலாவே இல்லாத ஊரில் எந்தச் சுற்றுலாவை வளர்ப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

அதற்காகக் கயிற்றை அறுத்துவிடலாம் என்று அவசரப்படவும் முடியாது. அறுத்தால் என்ன ஆகும் என்று நியூயார்க் காட்டியிருக்கிறது. 1990-இல் பணத் தட்டுப்பாட்டில் இருந்த மாநில அரசு, நூறு டாலருக்கு மேற்பட்ட அறைகள் மேல் கூடுதலாக 5 சதவீதம் போட்டது. ஏற்கெனவே இருந்த வரிகளோடு சேர்ந்து நியூயார்க் நகரில் மொத்தம் 21 சதவீதத்தைத் தாண்டியது. வரி கட்டுகிறவருக்கு ஓட்டு இல்லைதான்; ஆனால் கால் இருக்கிறது. மாநாடு நடத்துகிறவர்கள் ஐந்தாயிரம் பேரை எந்த ஊருக்கு அழைத்துச் செல்வது என்று முடிவெடுக்கும்போது ஒவ்வொரு ஊரின் மொத்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள். அவர்கள் வேறு ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1994-இல் மாநிலம் அந்த 5 சதவீதத்தைத் திரும்பப் பெற்றது. நகரமும் தன் விகிதத்தைக் குறைத்துக்கொண்டது. வந்தவர் தலையில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது உண்மையில்லை. ஓரளவுக்கு மேல் அது ஓட்டல்காரரின் லாபத்திலிருந்தும், அறை காலியானால் அறையைச் சுத்தம் செய்கிறவரின் கூலியிலிருந்தும்தான் வரும்.

எந்தத் தொகையின் மேல் வரி என்பதிலேயே பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. இணையத்தில் அறை விற்கும் நிறுவனம் ஓட்டலிடம் 80 டாலருக்கு அறையை வாங்கி வாடிக்கையாளருக்கு 100-க்குத் தருகிறது. வரி 80-க்கா, 100-க்கா? 173 டெக்சஸ் நகரங்களின் சார்பில் சான் அன்டோனியோ வழக்குத் தொடுத்தது. 2009-இல் ஜூரி நகரங்களின் பக்கம் நின்றது, தொகை 5.5 கோடி டாலராக நிர்ணயமாகி, பின்பு 8 கோடியைத் தாண்டியது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரி ஓட்டல் கையில் கிடைக்கும் தொகைக்கு மட்டுமே என்று தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. அதோடு முடியவில்லை. மேல்முறையீடு நடந்த காலத்தில் அந்த நிறுவனங்கள் உத்தரவாதப் பத்திரங்களுக்குக் கட்டிய செலவை யார் தருவது என்று தனி வழக்கு வளர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021-இல் ஒருமனதாக வந்த தீர்ப்பு: நகரம்தான் தர வேண்டும். 22 லட்சம் டாலருக்கு மேல். வரி வசூலிக்கப் போன ஊர் கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்தது.

கயிறு கட்டிய பணம் எப்போதும் பெரிய கட்டடங்களை நோக்கியே ஓடும். காரணம் எளிது. விளம்பரத்துக்கு ஓர் அளவு உண்டு. கலைக்கு உச்சவரம்பு உண்டு. சாலைக்குத் தடை உண்டு. மீதியை என்ன செய்வது? மாநாட்டு மையத்தை இன்னும் பெரிதாகக் கட்டு. ஒவ்வொரு நகரமும் இதையே செய்ய, மாநாடுகளை விடக் காலி அரங்குகள் வேகமாகப் பெருகிவிட்டன என்று சான் அன்டோனியோவிலேயே பணியாற்றிய பொது நிர்வாகவியல் பேராசிரியர் ஹேவுட் சாண்டர்ஸ் பல ஆண்டுகளாக வாதிட்டுவந்தார். நகரங்கள் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த கட்ட விரிவாக்கத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன.

ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டி இதன் உச்சம். ஆர்லாண்டோவும் டிஸ்னி உலகமும் சார்ந்த பகுதி அது. 1978 முதல் அங்கே சுற்றுலா வளர்ச்சி வரி உண்டு. 2006 முதல் 6 சதவீதம். 2022-23 நிதியாண்டில் வசூல் 35 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் நாட்டின் மிகப் பெரிய மாநாட்டு மையங்களில் ஒன்றும், கூடைப்பந்து அரங்கமும், கலையரங்கமும் எழுந்தன. அதே கவுண்டியில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களும் உணவக ஊழியர்களும் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை வரும் பஸ்ஸுக்காக ஃப்ளோரிடா வெயிலில் நிற்கிறார்கள். பஸ்ஸுக்குப் பணம் திரட்ட 2022 நவம்பரில் விற்பனை வரியில் ஒரு சதவீதம் கூட்டலாமா என்று உள்ளூர்வாசிகளைக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயணிகளின் வரி கரைபுரண்டு ஓடும்போது எங்கள் பாக்கெட்டில் ஏன் கைவைக்கிறீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

விளையாட்டு அரங்கங்கள் தனிக் கதை. 2016 அக்டோபரில் நெவாடா சட்டமன்றம் சிறப்புக் கூட்டத் தொடர் கூட்டி, லாஸ் வேகஸ் அறை வரியை 0.88 சதவீதம் ஏற்றியது. ஓக்லாந்திலிருந்து ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை அழைத்துவரக் கட்டும் அரங்கத்துக்கு 75 கோடி டாலர் பொதுப்பணம் தருவதற்காக. ‘உள்ளூர்க்காரர் ஒரு பைசா தரவேண்டாம், எல்லாம் பயணிகள் பணம்’ என்பதே விற்பனை வாசகம். அரங்கம் 2020-இல் திறந்தது, பார்வையாளர் இல்லாமல். அந்த ஏப்ரலில் லாஸ் வேகஸுக்கு வந்தவர்கள் சுமார் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர். முந்தைய ஆண்டு ஏப்ரலில் 35 லட்சம். அறை வரி வற்றியது. கடன் பத்திரத் தவணை வற்றவில்லை. இருப்பு நிதியில் கைவைக்க நேர்ந்தது. பின்னர் கூட்டம் திரும்பி வந்து வசூல் மீண்டது, 2024-இல் அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலும் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ‘பயணிகள் பணம்’ என்பது பயணிகள் வரும் வரைக்கும்தான். கடனுக்குப் பொறுப்பு ஊர்.

அரங்கங்களுக்கான பொதுச் செலவு அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளாதார வல்லுநர்களிடையே அபூர்வமான ஒற்றுமை இருக்கிறது. வாக்காளர்களிடம் அது எடுபடுவதில்லை. 2025 நவம்பரில் சான் அன்டோனியோ அமைந்த பெக்ஸார் கவுண்டியில், ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியின் புதிய அரங்கத்துக்கு ஓட்டல் வரி, கார் வாடகை வரி இரண்டிலிருந்தும் 31.1 கோடி டாலர் வரை தரலாமா என்று கேட்டபோது குறுகிய வித்தியாசத்தில் ‘ஆம்’ என்றார்கள். 1999-இல் ஒப்புதல் தந்த அரங்கம் திறந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. இந்த இடத்தில் அந்த பில்லின் நான்காவது தொகைக்குப் பொருள் புரிகிறது. வரியெல்லாம் அரங்கத்துக்கும் கடனுக்கும் கலைக்கும் பிரிந்துபோகும் ஊரில், விளம்பரத்துக்கென்று எவரும் தொடமுடியாத ஒரு தொகையை ஓட்டல்காரர்கள் தனியே ஒதுக்கிவைத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு ஊட்டி நகராட்சியோ கொடைக்கானல் நகராட்சியோ இப்படி ஒரு வரி போட முடியுமா என்ற கேள்வி வரும். முடியாது. தமிழ்நாட்டில் ஓட்டல், லாட்ஜ் அறைகள் மேல் சொகுசு வரி 1981 சட்டத்தின் கீழ் இருந்தது. ஆனால் அது மாநில அரசின் வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அதுவும் அதற்குள் கரைந்தது. அதற்காக அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலையே திருத்தி, சொகுசு வரியை நீக்கி, கேளிக்கை வரியை மட்டும் உள்ளாட்சிகளுக்கு விட்டார்கள். விளைவு வேடிக்கையானது: சினிமா டிக்கெட்டின் மேல் நகராட்சிக்கு வரி உண்டு, சீசனில் மலையையே அடைத்துக்கொள்ளும் அறைகளின் மேல் இல்லை. 2025 செப்டம்பர் முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று வசூலாகும் ஜிஎஸ்டி, மத்திய, மாநில அரசுகளுக்கிடையே பங்காகிறது. குப்பை அள்ளுகிற நகராட்சிக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் முறைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. விலை வழியாகச் செய்யக்கூடிய வேலையை அனுமதிச் சீட்டு வழியாகச் செய்கிறோம். மலேசியாவிலோ பினாங்கு மாநிலம் 2014-இல் ஓட்டலின் தரத்தைப் பொறுத்து அறைக்கு இரவொன்றுக்கு 2 அல்லது 3 ரிங்கிட் உள்ளூர்க் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

கயிற்றைத் தளர்த்திப் பார்க்கும் துணிச்சல், எந்த மாநிலத்தின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அதே கொலராடோவிலிருந்துதான் வந்தது. 1987 சட்டப்படி அங்கே கவுண்டிகள் 2 சதவீதம் வரை விடுதி வரி போடலாம் என்றிருந்தது. பணம் விளம்பரத்துக்கு மட்டும். கொரோனா காலத்தில் மலைநகரங்கள் தலைகீழாயின. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நகரவாசிகள் மலையில் வீடு வாங்கினார்கள். வாடகைக்கு இருந்த வீடுகள் இரவு வாடகைக்கு விடும் விடுதிகளாக மாறின. ஓட்டலில் அறை நிரம்பி வழிந்தது. படுக்கை விரிக்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் அவருக்கு ஊருக்குள் தங்க இடம் இல்லை. பனிக்காலத்தில் கணவாயைத் தாண்டி இன்னொரு கவுண்டியிலிருந்து காரோட்டி வந்தார். பிரெக்கன்ரிட்ஜ், வேய்ல் போன்ற பனிச்சறுக்கு ஊர்களுக்கு இதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

2022-இல் சட்டமன்றம் விதியை மாற்றியது. விடுதி வரியில் குறைந்தது 10 சதவீதம் விளம்பரத்துக்கு இருந்தால் போதும். மீதியைச் சுற்றுலாத் தொழிலாளர்களின் வீட்டுவசதிக்கும், அவர்கள் பிள்ளைகளின் பராமரிப்புக்கும், வருகிறவர்களின் வசதிக்கும் செலவழிக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் சம்மிட், ஈகிள் கவுண்டிகளின் வாக்காளர்கள் 2 சதவீத வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2025-இல் உச்சவரம்பு 2-இலிருந்து 6 சதவீதமாக உயர்ந்தது. சாலை, பாதுகாப்பு போன்ற செலவுகளும் உள்ளே வந்தன.

இந்த மாற்றம் சரியென்றே எனக்குப் படுகிறது. படுக்கை விரிக்கிறவருக்கு வீடு கட்டிக்கொடுப்பதும் சுற்றுலா வளர்ச்சிதான். அரங்கத்தை விட நேரடியான வளர்ச்சி. ஆனால் ஒரு தயக்கமும் உண்டு. ‘சுற்றுலாத் தொழிலாளி’ என்பவர் யார்? பனிச்சறுக்கு மலையில் வேலை செய்பவர் சரி. அந்த ஊரின் பள்ளி ஆசிரியர்? நர்ஸ்? எல்லாம் சுற்றுலாவால் இயங்கும் ஊரில் எல்லோரும் சுற்றுலாத் தொழிலாளிதான் என்று வாதிட்டுவிடலாம். அப்போது இந்தப் பணம் பொதுக் கஜானாவில் கலந்துவிடும். வரியை ஏற்றும் ஆசைக்கு எந்தக் கடிவாளமும் இராது. நியூயார்க் 1990-இல் நின்ற இடத்துக்குப் போக அதிக தூரமில்லை.

ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற கொலராடோ பனிச்சறுக்கு நகரம் இந்தப் பாதையில் எல்லோரையும் விட வேகமாக ஓடியது. 2022 நவம்பரில் அங்கே வாக்காளர்கள் குறுகிய கால வாடகை வீடுகள் மேல் 9 சதவீத வரி போடப் பெருவாரியாக ஒப்புக்கொண்டார்கள். நோக்கம் ஒன்றே: உழைக்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு. இடமும் தயாராக இருந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தந்த நன்கொடையில், வீட்டுவசதி ஆணையம் 2021-இலேயே ஊரை ஒட்டி 534 ஏக்கர் வாங்கியிருந்தது. பிரவுன் ரான்ச் என்று பெயர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். பயணிகள் கட்டும் அந்த 9 சதவீதத்தின் பெரும்பகுதி அங்கே போவதாக ஏற்பாடு. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அந்த நிலத்தை நகர எல்லைக்குள் சேர்ப்பது. நகர மன்றம் சேர்த்தது; எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை வீடு வந்தால் தண்ணீருக்கும் சாலைக்கும் யார் பொறுப்பு, செலவு எங்கள் தலையில் விடியுமா என்பது அவர்கள் கேள்வி. 2024 மார்ச்சில், வரிக்கு ‘ஆம்’ என்று சொன்ன அதே ஊர் வாக்காளர்கள் வீடுகளுக்கு ‘இல்லை’ என்றார்கள். ஒன்பது சதவீதம் மட்டும் வசூலாகிக்கொண்டிருந்தது.